வருகை பதிவாகிவிட்டது

மேசை மேல் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த போன், வேறு யாருமில்லாத அந்த அறையில், "இருசப்பன், வருகை பதிவாகிவிட்டது" என்றது.

லேப்டாப்பில் குனிந்திருந்த திருமுருகன் நிமிர்ந்து பார்த்தான். போனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பாதி திறந்த கதவுக்கு வெளியே மரக்காணத்து உப்பளம் மாலை நாலு மணி வெயிலில் கண் கூசக் கிடந்தது. விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறவர்கள் பதினோரு மணிக்கெல்லாம் கரையேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு இந்தத் தகரக் கூரை ஆபீசில் அவனும், கூரை ஆணிகளை ஆட்டிப் பார்க்கும் காற்றும், தேங்கிய உப்புத் தண்ணீரின் அழுகிய பாசி வாடையும்தான். சென்னையிலிருந்து வந்து நாலு நாளாகிறது. அவன் பெயரை இங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. "ஏம்பா, கம்ப்யூட்டரு" என்பதோடு சரி.

வேலை சின்னதுதான். ஆள் முகத்தைக் காட்டினால் போன் படத்தை கிளவுடுக்கு அனுப்பும். அங்கே ஓடும் மாடல் யாருடைய முகம் என்று கண்டுபிடித்துப் பெயரைத் திருப்பி அனுப்பும், போன் அதை வாய்விட்டுச் சொல்லும். நாளைக்குக் காலையிலிருந்து அமலுக்கு வர வேண்டும். மாடலை டெப்ளாய் செய்து ஓடவிட்டு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

வேலையாட்கள் முப்பத்தெட்டுப் பேர், சோதனைக்கு அவன் ஒருவன். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அதில் பன்னிரண்டு படம், எல்லாம் அவனே எடுத்தவை. இப்போது எண்ணினால் நாற்பது ஃபோல்டர் இருந்தது. இருசப்பன் என்ற பெயரில் இருந்த நாற்பதாவதைத் திறந்தான். இதே ஆபீஸ் சுவர், இதே வெளிச்சம். பன்னிரண்டு படத்திலும் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கண்ணாயிரத்துக்குப் போன் போட்டான்.

"இருசப்பன்னு யாருண்ணே? போட்டோ நீங்க ஏத்துனீங்களா?"

"அவன் போயி ரெண்டு வருஷம் ஆவுது தம்பி. மழையில மடை தொறக்கப் போனவன் திரும்பல. உடம்பும் கெடைக்கல. அந்தப் பேரை உனக்கு யாரு சொன்னா?"

"சும்மா கேட்டேண்ணே."

யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். அந்த ஃபோல்டரை அழித்தான். மாடலை மறுபடியும் பழக்கி, புது வெர்ஷனை ஏற்றினான். திரையில் கோடு நகர்ந்து முடிவதற்குள் வெயில் சிவந்து, பாத்திகள் ஒவ்வொன்றாக மங்கின. காற்று நின்றுபோயிருந்தது. ஸ்டாண்டிலிருந்த போனை எடுத்து, தன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இருசப்பன், வருகை பதிவாகிவிட்டது."

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொருத்தம் என்றது திரை. பழைய வெர்ஷனுக்குத் திரும்பினான். மறுபடியும் முகத்தைக் காட்டினான். அதே பெயர்தான் வந்தது. தன் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தான்.

பன்னிரண்டு படத்திலும் வெறும் சுவர்.

மனைவி ரேகாவைக் கூப்பிட்டான். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ரேகா, நான்தான்."

"யாருங்க?"

"நான்தான்டி. முருகன்."

"அவரு போனு உங்க கையில எப்படி வந்துது? அவரு எங்க?" பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவனிடமிருந்து வந்தது கரகரத்த, வயசான குரல். அவன் கேட்டே இராத குரல். ரேகா வைத்துவிட்டாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. வரப்பின் மேல் ஒருத்தி நடந்து வந்தாள். கையில் தூக்குவாளி. இவளை அவன் பார்த்ததில்லை. நேராக ஆபீசுக்கு வந்து, வாசலில் நின்று, அவனை உற்றுப் பார்த்தாள். பயப்படவில்லை. அழவும் இல்லை.

"சின்னப்பாப்பா" என்றான். பெயர் தானாக வந்தது. யார் சொல்லித் தெரியும்?

"இம்மா நாளு எங்கயா போயிருந்த?" என்றாள் அவள். வாளியைக் கீழே வைத்தாள். "காலக் கழுவிகினு வா. சோறு ஆறிடும்."

குனிந்து பார்த்தான்.

மத்தியானத்திலிருந்து நாற்காலியை விட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை. பாத்தி விளிம்பிலிருந்து வாசல்படி ஏறி, நாற்காலி வரைக்கும் வந்திருந்தன ஈரக் காலடிகள். அவன் பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. அதற்குக் கீழே அவனுடையதல்லாத இரண்டு கால்கள். கறுத்து, ஊறி, வெடித்திருந்தன. ஒவ்வொரு வெடிப்பிலும் உப்பு பூத்து, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.