சோப்புக்குப் போகாத கோடு

மூன்று நாட்களாக மழை விடவில்லை. புர்வோதாதி ஊரில் புதிதாக வாங்கிய வீட்டுக்குள் மூன்று பேர் பேசாமல் சுவரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்பா நாற்காலிமேல் ஏறி, உரிந்து தொங்கிய பழைய பெயிண்டைத் தகட்டால் சுரண்டினார். அம்மா பூஞ்சணத்தைத் துடைத்தாள். பத்து வயது மெனிக் தன் கைக்கு எட்டிய உயரம்வரை சோப்புத் தண்ணீரால் கழுவினாள். வீடு அவர்களுக்குத்தான் புதிது. மற்றபடி ரொம்பப் பழசு.

"முதல்ல கழுவணும். அப்புறம் விரிசலுக்குப் பட்டி வைக்கணும். காஞ்சதும் உப்புத்தாள் போடணும். பெயிண்ட் எல்லாத்துக்கும் கடைசி," என்றார் அப்பா. யாரும் கேட்கவில்லை. அவராகவேதான் சொன்னார்.

அவர்கள் தெமாக் கடற்கரைக்காரர்கள். கடல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் வந்தது. முதலில் வாசலுக்கு, பிறகு அடுப்படிக்கு, கடைசியில் கட்டிலுக்கு. அப்பா மூன்று முறை மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தினார். அதன் பிறகு அவர் தலை கூரையில் இடித்ததுதான் மிச்சம். கடைசியாக வந்த தண்ணீர் மெனிக்கின் நெஞ்சுவரை நின்றது. அப்பா படகை விற்று இந்த வீட்டை வாங்கினார். கிளம்பிய நாளிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை.

மெனிக் வாளித் தண்ணீரைச் சுவரில் ஊற்றித் தேய்த்தாள். கரியும் தூசியும் கறுப்பாக வழிந்து இறங்கின. சுவர் வெளுத்தது. ஆனால் நடுவில் ஒரு பட்டை மட்டும் பழுப்பாக அப்படியே நின்றது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. பக்கத்தில் கழுவினாள். அங்கேயும் அதே பட்டை, சுவர் நெடுக நீண்ட ஒரு கோடு. அவளுடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கேயும் வந்திருக்கு," என்றாள்.

"என்ன வந்திருக்கு?"

"தண்ணி. ஆறு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு? வந்து நின்னிருக்கு. நம்மகிட்ட மறைச்சு வித்துட்டாங்க."

அப்பா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கோட்டைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனது.

"மத்தியானம் பின்கதவுச் சாவி கொடுக்க, வீட்டை வித்த அந்த சுகெங் வரேன்னு சொல்லியிருக்கான். வரட்டும், கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் பட்டி வாங்கக் கடைக்குப் போனார்.

மெனிக் வாளியைக் கீழே வைத்தாள். மறுபடியும் மூட்டை கட்ட வேண்டுமா? இனி விற்க இன்னொரு படகும் இல்லையே.

அவள் கோட்டின் அருகே போய் நின்றாள். பழைய வீட்டுக் கோடு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது வெள்ளையாக, உப்புப் பூத்து இருக்கும். இது பழுப்பு. அவள் நாக்கை நீட்டிச் சுவரை நக்கினாள்.

"என்னடி பண்ற?"

"உப்பு இல்லம்மா. ஆனா சோப்பு இருக்கு," என்று மெனிக் துப்பினாள்.

"ஆத்துத் தண்ணியில உப்பு எப்படிடி இருக்கும்?"

அதுவும் சரிதான். மெனிக் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் பழைய தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

அவள் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே கோட்டைத் தொடர்ந்து நடந்தாள். முன்பு அலமாரி நின்ற தடம் தெரிந்த இடத்தில் கோடு நின்றுபோய், அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. தண்ணீர் என்றால் அலமாரிக்குப் பின்னாலும் புகுந்திருக்கும். எதிர்ச் சுவரில் கோடே இல்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். அங்கே கோடும் ஒரு படி இறங்கியது.

"அம்மா, தண்ணி படி இறங்கி நிக்குமா?"

அம்மா எழுந்து வந்தாள்.

மெனிக் படுக்கையறைக்குப் போய் அங்கேயும் துடைத்தாள். கோடு கட்டில் கிடந்த மூலையில் தொடங்கியது. அதன்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். கூடத்தில் வாளியை உதைத்துத் தண்ணீரைக் கொட்டினாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை. கோடு அவளைக் கூடத்தைத் தாண்டி, படி இறக்கி, அடுப்பைச் சுற்றி, குளியலறைக் கதவில் கொண்டுபோய் விட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"இது கைம்மா," என்றாள் மெதுவாக. "யாரோ தினமும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே நடந்திருக்காங்க. கண்ணு தெரியாதவங்க."

அம்மா தன் உள்ளங்கையைக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். பட்டையும் கையும் ஒரே அகலம்.

வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. சுகெங்கும் அவரும் ஒன்றாக நனைந்து வந்தார்கள். சுகெங் கப்பலில் வேலை பார்ப்பவர். மூன்று மாதம் முன்பு தன் அம்மா இறந்ததும் ஊருக்கு வந்து வீட்டை விற்றவர்.

"தம்பி, இங்க வெள்ளம் வந்ததை ஏன் சொல்லல?"

"வெள்ளமா? சத்தியமா இந்தத் தெருவுக்கு வந்ததே இல்லண்ணே."

"அப்ப அது என்ன?"

சுகெங் கோட்டைப் பார்த்தார். "தெரியலயே. நான் பார்த்ததே இல்ல."

"பார்த்ததே இல்லையா? உங்க வீட்டுச் சுவரு." அப்பாவின் குரல் உயர்ந்தது.

மெனிக் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அப்பா, அது தண்ணி இல்ல." பிறகு தயங்கினாள். சொல்லலாமா? சொல்லாவிட்டால் அப்பா இன்னும் கத்துவார்.

"மாமா, இங்க உங்க அம்மா மட்டும்தான் இருந்தாங்களா?"

"ஆமா."

"அவங்க கையில எண்ணெய் இருக்குமா?"

"எப்பவும் இருக்கும். தெருவுல எல்லாக் குழந்தைக்கும் எண்ணெய் தேய்ச்சு விடுறது அவங்கதான். ஏம்மா கேட்கற?"

"அவங்களுக்குக் கண்ணு..."

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க சாகறப்ப நான் ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, ஆனா வாராவாரம் போன்ல பேசுவோம். போட்டோ அனுப்புவேன். கடைசியாப் பேசினப்பகூட 'இளைச்சுட்டியேடா'ன்னு..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"எந்த அம்மாவும் பார்க்காமலே அதைத்தான் சொல்லுவா," என்றாள் மெனிக்கின் அம்மா மெல்ல.

மெனிக் சுகெங்கின் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப் போனாள். கோடு தொடங்கும் இடத்தில் அவர் கையை வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். மெனிக் முன்னால் ஓடி வாளியை நகர்த்தினாள். படி வரும் இடத்தில், "மாமா, படி," என்றாள். குளியலறைக் கதவருகே அவர் வெகுநேரம் திரும்பாமல் நின்றார்.

மெனிக்குக்கு அழுகை வந்தது. "நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தாள். அம்மா அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"கண்ணு போனதை அம்மா சொல்லியிருந்தா வேலையை விட்டுட்டு வந்திருப்பேன். அதான் சொல்லல," என்றார் சுகெங். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார். "அண்ணே, இதைக் கழுவிடுவீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "கழுவித்தான் ஆகணும் தம்பி. எண்ணெய் இருந்தா பெயிண்ட் ஒட்டாது. நான் கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க."

"நான் கழுவட்டுமா?"

அப்பா வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்தார். சுகெங் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டில் மூலையிலிருந்து தொடங்கினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சாணாகத் துடைத்தார். மெனிக் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அம்மா சோறு வடித்து, தெம்பே என்ற சோயா வில்லைகளை வறுத்து, நான்கு தட்டு வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. நிஜமாவே இளைச்சுதான் இருக்கீங்க," என்றாள்.

சுகெங் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு இன்னும் இரண்டு நாள் மழை பெய்தது. விரிசல்களில் பட்டி காய்ந்தது. அப்பா உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துத் தலைமுடியெல்லாம் வெள்ளையாகி, மெனிக்கைச் சிரிக்க வைத்தார்.

சனிக்கிழமை வெயில் வந்தது. அம்மா பிரஷ்ஷை எடுத்துப் பெயிண்டில் நனைத்து, கட்டில் மூலைச் சுவரில் முதல் ஆளாக அடிக்க ஆரம்பித்தாள்.