பந்து ஏன் மெதுவாக வந்தது

“கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா... உங்க நிழல் திரையில விழுது.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். திரையில் பந்து வீசுபவன் காலைத் தூக்கினான்... வீசினான்... கிளிக். ஸ்டாப்வாட்சை அழுத்தியவன் மட்டையை அசைக்கவே இல்லை.

அவள் நகரவில்லை. அந்த கேம் சென்டரில் இருந்த ஒரே பேஸ்பால் மெஷின் அது. அதைத் தேடித்தான் மழையில் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“பத்து நிமிஷமா பார்க்கறேன். ஒரு பந்தைக்கூட அடிக்கல. ஆடத் தெரியலன்னா விடுங்க, நான் ஆடறேன்.”

அப்போதுதான் திரும்பினான். தூக்கம் மிச்சமிருக்கும் கண்கள்... சிரிப்பு மட்டும் அவற்றில் நன்றாக விழித்திருந்தது.

“ஆடலைங்க. அளக்கறேன்.”

அந்த ஒரு சொல்லில் அவள் கோபம் பாதி கரைந்தது. அவளும் அளக்கிற ஆள்தான். தராசுகளையும் வெப்பமானிகளையும் சரிபார்த்துச் சான்று தரும் ஆய்வகத்தில் வேலை. இன்று அளக்க வந்ததோ அப்பாவுக்காக.

இந்த ஆட்டத்தின் புரோகிராமை வீட்டு டிவியில் ஆடும் கேசட்டாக மாற்றி எழுதியவர் அப்பா. முப்பது வருடத்துக்கு முந்தைய வேலை. போன மாதம் இணையத்தில் யாரோ இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருந்தான். ‘மெஷினில் பந்து சீறுகிறது. வீட்டில் ஊர்கிறது. மாற்றி எழுதியவர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்திருப்பார்.’

அப்பா அதை இரண்டு முறை படித்தார். “மெஷினைப் பக்கத்துல வச்சு அளந்து அளந்துதானே பாப்பா எழுதினேன்...” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பேசாமைதான் அவளைத் துரத்திக்கொண்டு வந்தது.

“சரி, நீங்க ஆடுங்க. நான் அளக்கறேன்” என்று இடம் விட்டான்.

“அடிக்கலாமா, கூடாதா?”

“ஒண்ணு ரெண்டு அடிங்க. மெஷினுக்குச் சந்தேகம் வந்துடப் போகுது.”

சிரித்துவிட்டாள். முன்பின் தெரியாதவனிடம் இப்படிச் சிரிப்பவள் இல்லை அவள். வெளியே மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கிளிக்... கிளிக்... ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

“பந்து வந்து சேர மெஷின்ல 0.6 விநாடி. வீட்டு கேசட்ல 0.9” என்று நோட்டைக் காட்டினான். “வித்தியாசம் நிஜம்தான்.”

அவள் எண்களை இன்னொரு முறை படித்தாள். அப்பா தப்பு செய்திருப்பாரா...

“அளக்கறதுக்கு முன்னாடி கருவி எந்த நிலையில இருக்குன்னு பார்த்தீங்களா?”

“இது கேம்ங்க, தராசு இல்ல.”

“எங்களுக்கு எல்லாம் கருவிதான்.”

“இன்ஸ்பெக்டர் மேடம்... நூறு தடவை அளந்திருக்கேன். நான் எழுதினது எழுதினதுதான்.”

அவள் விரல் பொத்தானில் நின்றது.

“நீங்களா எழுதினீங்க?”

“படிச்சிருக்கீங்களா?” அவன் முகம் மலர்ந்தது.

“அந்த... வீட்டுக்குப் போற அவசரத்துல இருந்தவர், எங்க அப்பா. மூணு மாசம் வீட்டுக்கே வராம, ஆபீஸ்லயே படுத்து எழுதினார்.”

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. “ஏங்க... ஒரு நிமிஷம்...”

அவள் நிற்கவில்லை. மழையில் இறங்கி நடந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, சாயங்காலம் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்து கூப்பிட்டார்.

“பாப்பா, இங்க வந்து இதைப் படி.”

‘நான் எழுதியது தவறு. ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மெக்கானிக்கை வைத்து மெஷினைத் திறந்தேன். உள்ளே ஆட்டத்தின் கடுமையைக் கூட்டிக் குறைக்கும் குட்டி சுவிட்சுகள் இருந்தன. யாரோ எப்போதோ அவற்றை உச்சத்தில் வைத்துவிட்டிருக்கிறார்கள்; பந்தும் வேகமாகிவிட்டது. கம்பெனி வைத்த நிலைக்குத் திருப்பி, இருநூறு முறை அளந்தேன். மெஷினில் 0.9. வீட்டில் 0.9. மாற்றி எழுதியவர் மயிரிழைகூடப் பிசகவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“இவனை யாரு மெஷினைத் திறக்க வச்சது?”

“தெரியலப்பா” என்றாள், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் வேலை முடிந்ததும் கால்கள் தாமாக கேம் சென்டருக்குப் போயின. அவன் மெஷின் பக்கம்கூட இல்லை. வாசலைப் பார்த்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

“அப்பா...?”

“படிச்சார்.”

“என்ன சொன்னார்?”

“விசிலடிச்சுக்கிட்டே துணி மடிச்சார். அவர் விசிலடிச்சு நான் கேட்டதே இல்ல.”

அவன் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தான். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சோ... இப்போதுதான் விட்டான். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் நெஞ்சுக்குள் இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

“அதான் எழுதியாச்சே. இன்னும் இங்க என்ன வேலை உங்களுக்கு?”

“வேலை ஒண்ணும் இல்ல. நீங்க வருவீங்கன்னு தினமும் வந்து உட்கார்றேன்.”

“வரலன்னா?”

“நாளைக்கும் வந்திருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. மன்னிச்சாலும்... மன்னிக்கலன்னாலும்.”

காது மடல் சுட்டது. ‘எனக்கும்’ என்ற ஒற்றைச் சொல் தொண்டை வரை வந்து, வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க” என்றாள். “அப்பாகிட்ட நேர்ல சொல்லணும்.”

“மன்னிப்புதானே? கண்டிப்பா...”

அவள் நிமிர்ந்து, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“அதையும்.”