உப்பு மேடு

சமையலறைத் தரையில், அம்மிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு முழ நீளத்துக்கு ஈரமாக இருந்தது.

அம்சவேணி அதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பால் பொங்கி இறக்குவதற்குள் மறுபடியும் அதே இடத்தில் ஈரம். குடம் ஒழுகவில்லை. அந்த வீட்டில் குழாய் கிடையாது, கம்பெனி லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைப்பதுதான். மழை வர இன்னும் நாள் இருந்தது. புரட்டாசி வெயிலில் மற்ற இடமெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்க, அந்த ஒரு முழம் மட்டும் வியர்த்திருந்தது.

"புது சிமெண்டு அப்படித்தான் இருக்கும். ஒரு மழை போனா சரியாய்டும்," என்றான் அவள் கணவன் சம்பத், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

அவன் தோல் பதனிடும் டேனரியில் ஸ்டோர் கீப்பர். அவள் அதே டேனரியின் லேபில் வேலை பார்த்தாள். குடியாத்தத்தில் தறி ஓட்டும் வீட்டிலிருந்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வரை வந்தவள். வயிற்றில் இப்போது எட்டு மாதம். ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் உப்பு மேடு என்று காலனிக்காரர்கள் சொல்லும் இடத்தில் மண்ணடித்து நிரவி, கம்பெனி ஆறு குவார்ட்டர்ஸ் கட்டியிருந்தது. முதல் வீடு இவர்களுக்கு. மற்ற ஐந்திலும் இன்னும் பூட்டுத் தொங்கியது.

வெள்ளிக்கிழமை ஈரம் மூன்றாகியிருந்தது. இரண்டாவது அரிசி டின்னுக்குப் பக்கத்தில், மூன்றாவது கூடத்துக்குப் போகும் வழியில். மூன்றும் ஒரே நீளம். மூன்றும் ஒரு முனையில் கொஞ்சம் உருண்டு அகன்று, மறுமுனையில் ஒடுங்கியிருந்தன. அந்த வடிவத்தை அவள் அதிக நேரம் பார்க்கவில்லை.

குழந்தை உதைத்தது. இடது விலாவுக்குக் கீழே, இரண்டு சின்ன உதை, கொஞ்சம் நிறுத்தி ஒரு பெரிய உதை. அதற்கென்று ஒரு கணக்கு இருந்தது. அவள் அதைச் சம்பத்திடம்கூடச் சொன்னதில்லை, தனக்கு மட்டும் வைத்துக்கொண்டாள்.

லேபிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சின்னப் புட்டியில் எடுத்துவந்தாள். ஈரத்தைப் பஞ்சில் ஒற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் பிழிந்து, ஒரு சொட்டு விட்டாள். திரிந்த பால்போல வெள்ளையாகத் திரண்டு சோதனைக் குழாயின் அடியில் உட்கார்ந்தது.

உப்பு, அவ்வளவுதான். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் கூடும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் பஞ்சில் வாசம் இருந்தது. கடை உப்புக்கு வாசம் கிடையாது. இது தோல் கிடங்கின் வாசம், ரத்தமும் மயிரும் ஒட்டிய பழுப்பு உப்பின் வாசம். அவள் சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அதுவும் நாக்கில் கரித்தது. பிள்ளைத்தாய்ச்சி நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்தாகியிருந்தது.

அன்று நாலு மணிக்கு, டேனரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சவுரியம்மாளை அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். கிடங்கில் தோலுக்கு உப்பு உதறும் வேலை சவுரியம்மாளுக்கு. காலனியில் பிரசவம் பார்ப்பதும் அவள்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அவள் விரல்களெல்லாம் உப்பு தின்ற வெடிப்பு.

"உள்ள வாங்க சவுரியம்மா. கொழந்தை அசைவு ரெண்டு நாளா கம்மியா இருக்கு. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

"இன்னாத்துக்கு? உங்களுக்கு வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரி கீது. கம்பெனி காரு கீது. காலனிக்காரி கை இன்னாத்துக்கு லேப் அம்மா?"

"அதுக்கில்ல. வீட்டுல தரை வேற ஈரமாவுது. ஒரே அளவுல, தனித்தனியா."

சவுரியம்மாளின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"எத்தினி?" என்றாள்.

"அஞ்சு."

"ஏழு வரும்."

அம்சவேணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் காலனியில பதினோரு பிரசவம் பாத்தேன்," என்றாள் சவுரியம்மாள், குரலை உயர்த்தாமல். "நாலுதான் கத்திச்சி. ஆபீசருங்க பங்களாவுல மூணு பொறந்தது. மூணும் கத்திச்சி. எங்களுதுல கத்தாத ஏழும் இங்கதான் கீது, உன் வூட்டுக்குக் கீழ. ஞானஸ்நானம் ஆகாததுக்குக் கல்லறையில எடம் இல்லன்னாரு சாமியாரு. சுடுகாட்டுலயும் சேக்கல. இந்த மேட்ல வெச்சோம். நாய் தோண்டுமேன்னு உப்பு போட்டோம். தோல்ல உதறின உப்பு. கம்பெனி எங்களுக்குச் சும்மா குடுத்தது அது ஒண்ணுதான். கீழ ஒரு கூடை, மேல ஒரு கூடை. தோலு அடுக்கற மாதிரியேதான்."

"எனக்குத் தெரியாது சவுரியம்மா."

"எது தெரியாது? கெணத்துத் தண்ணிய நீதான பாத்து எழுதின? நல்ல தண்ணின்னு இன்ஸ்பெக்டரு எல்லார் முன்னாலயும் படிச்சான். எனக்குப் படிப்பில்ல. ஆனா அந்தத் தண்ணியில சோறு பொங்குனா மஞ்சளாவுது, அது எனக்குத் தெரியும்." முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டாள். "நான் தொட மாட்டேன். மழைக்கு முன்ன உங்கம்மா வூட்டுக்குப் போய்டு."

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வைகாசியில் காலனிக்காரர்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டதென்று மனுக் கொடுத்தபோது, மேனேஜர் நந்தகோபால் லேபுக்கு வந்து கண்ணாடிப் புட்டியை மேஜையில் வைத்தார். "காலனிக் கெணத்து சாம்பிள் ஒண்ணு வேணும்மா. எங்க எடுக்கறதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். அவள் பங்களாக் கிணற்றில் தண்ணீர் மொண்டாள். காலனிக் கிணறு என்று லேபிள் ஒட்டினாள். கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் குவார்ட்டர்ஸ் வந்தது. தன்னுடைய ஏழு வருஷ சர்வீஸுக்குக் கிடைத்தது என்று சம்பத் நம்பினான். அவள் அவனிடம் எதையும் சொல்லவில்லை.

அன்று அவள் சமையலறைக்குள் போகவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு அவளே பாடம்போலச் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. உப்பிட்ட தோல் அழுகாது, வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். முதல் வேலை ஊறப்போடுவது. நல்ல தண்ணீரில் ஊறினால் விறைத்துப்போன தோல் இளகும். உரித்த அன்று எப்படி இருந்ததோ, அந்த மென்மை அப்படியே திரும்பிவரும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை பிடித்தது.

மூன்று நாள் விடவில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்து, குடியாத்தம் பஸ் நின்றுவிட்டது. கரெண்ட் போய்விட்டது. மேட்டின் மேலிருந்ததால் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஈரம் ஏழாகியிருந்தது. கடைசி இரண்டும் கூடத்தில். அவள் படுக்கையறைக் கட்டிலில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சம்பத் குடத்தோடு நனைந்து வந்தான். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். அவள் பாதி குடித்தாள்.

"இந்த மழையில தண்ணி லாரி எப்படி வந்துச்சி?"

"லாரியா? அது ரிப்பேராகி பத்து நாளாவுதே. பங்களாக் கெணத்துக்குப் பூட்டு போட்டுட்டாங்க. காலனிக் கெணத்துலதான் மொண்டுகினு வர்றேன்."

டம்ளர் அவள் கையிலேயே நின்றது.

"பத்து நாளாவா?"

"இன்னா அப்படிப் பாக்கற? நீதான நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்த." அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். "நல்ல சனங்க அம்சா. நான் போனா எல்லாப் பொம்பளைங்களும் வழிவிடறாங்க. ஒருத்தி கவுத்தையே எடுத்துக் கையில குடுத்தா. லேப் அம்மாவுக்குத்தான, நல்லா மொண்டுக்கோன்னு ஒரே சிரிப்பு."

அவள் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"ஏங்க," என்றாள். "காலையிலேருந்து உதைக்கவே இல்ல."

சம்பத் அவள் முகத்தைப் பார்த்தான். துண்டைப் போட்டுவிட்டுக் குடையை எடுத்தான். "கம்பெனிக்குப் போய் கார் கேக்கறேன். இல்லன்னா நர்ஸையாவது இட்டுகினு வர்றேன். கீழ எறங்காத."

கேட் சாத்தும் சத்தம் மழைக்குள் போனது.

நாலு மணிதான் இருக்கும். ஆனாலும் மேகம் இறங்கி அறைக்குள் மங்கல் தேங்கிவிட்டது, ஜன்னல் கம்பிகள்கூடச் சுவரில் நிழல் போடவில்லை, கிடங்கின் வாசம் கதவிடுக்கு வழியாக வந்து தலையணையிலும் புடவையிலும் அவள் நாக்கிலும் ஏறியது. மழை கூரையில் விழும் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருந்தது. ஊறல் தொட்டியில் தோல்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது கேட்கும் சத்தம். சொதசொதவென்று, அவசரமில்லாமல். அழுகைச் சத்தமாக இருந்திருந்தால் அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். அவை அழத் தெரியாதவை.

வயிற்றைத் தட்டினாள். சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். அப்படிச் செய்தால் எப்போதும் உதைக்கும்.

காத்திருந்தாள்.

உதைக்கவில்லை.

வயிறு கனத்தது. குளிர்ந்திருந்தது.

கூடத்தில் ஒரு தட்டல். மெத்தென்று, அடியிலிருந்து. கதவு வழியாகப் பார்த்தாள். கூடத்து ஈரங்களில் ஒன்றின் நடுவே சிமெண்ட் லேசாக எழும்பி அடங்கியது. தன் வயிற்றின்மேல் அவள் நூறு தரம் பார்த்த அசைவு. தோலுக்கு அடியில் ஒரு குதிகால் நகரும் அசைவு.

இரண்டாவது எழும்பியது.

மூன்றாவது.

சமையலறையிலும் சத்தம். அரிசி டின் நகர்ந்தது.

"தெரிஞ்சிதான் எழுதினேன்," என்றாள் அவள் சத்தமாக. யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான்தான் எழுதினேன். எனக்கு வீடு வேணும்னு எழுதினேன். இதை விட்டுடுங்க. இது ஒண்ணும் பண்ணல."

தட்டல் நின்றது.

எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. மழை மட்டும் பெய்தது.

அவள் மூச்சை விட்டாள். வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். கட்டிலின் விளிம்பில் மெல்லச் சாய்ந்து கீழே பார்த்தாள்.

கட்டிலுக்கு அடியில், இத்தனை நாளும் காய்ந்து வெளுத்திருந்த சிமெண்டில், ஈரம் வியர்க்கத் தொடங்கியிருந்தது. புள்ளி புள்ளியாக. பிறகு சேர்ந்து. ஒரு முனை உருண்டு. மறுமுனை ஒடுங்கி.

ஒரு முழ நீளம்.

அவள் கையை நீட்டி உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளங்கைக்குக் கீழே, இரண்டு சின்ன உதை.

கொஞ்சம் நிறுத்தி, ஒரு பெரிய உதை.