மேல்சட்டத்தில் பல் தடம்

கட்டிலின் மேல்சட்டத்தில் நான்கு பல் தடங்கள் இருந்தன. சிட்டுவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

மூன்று மாதக் கைக்குழந்தைக்குப் பல்லாவது, கடியாவது! புரண்டு படுக்கவே தெரியாத பிள்ளை எழுந்து நின்று சட்டத்தைக் கடித்தது என்று சொன்னால் ஊரே சிரிக்கும். பெயின்ட்டக்கா குனிந்து விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு, அரிசி நுனி அளவுக்குப் பள்ளம். நேற்று பூசி நன்றாகக் காய்ந்திருந்த வெள்ளை அந்த இடத்தில் மட்டும் பெயர்ந்து மரம் தெரிந்தது. மரம் ஈரமாக வேறு இருந்தது. சட்டத்துக்குக் கீழே, நாலு பக்கமும் அடைத்த மரக்கம்பி அழிகளுக்கு நடுவே, சிட்டு மல்லாந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. வாய்க்குள் வெறும் ஈறுதான்.

"குழிய அடைச்ச பட்டி உள்வாங்கியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. பழைய மேசை, நாற்காலி, அலமாரிகளைச் சுரண்டித் தேய்த்துப் பெயின்ட் அடித்துப் புதுசாக்கித் தருவது அவள் தொழில். பெயின்ட்டக்கா என்பது அதற்காகத் தெரு வைத்த பெயர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. பத்து நாளைக்கு முன்னால் பழைய சாமான் கடையிலிருந்து இந்தக் குழந்தைக் கட்டிலை வாங்கி வந்தபோதே மேல்சட்டத்தில் பழைய பல் தடங்கள் இருந்தன. பல் முளைக்கிற பிள்ளைகள் கையில் கிடைத்ததைக் கடிக்கும், இதில் என்ன அதிசயம்? அவள் அதைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தாள். பட்டி சரியாகக் காயாவிட்டால் மறுபடி குழி விழும். தொழிலில் இதெல்லாம் சகஜம்.

சுரண்டும்போது மட்டும் ஒரு விஷயம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சாதாரண பெயின்ட்டை உரிக்கிற திரவம் எதுவும் அந்தக் கட்டிலில் பலிக்கவில்லை. அமோனியா போட்ட பிறகுதான் இளகியது. அப்படியென்றால் அது பால் பெயின்ட். ஒன்றன் கீழ் ஒன்றாக நீலம், பச்சை, மஞ்சள் என்று மூன்று பூச்சு. மூன்று பூச்சுக்கும் அடியில், அதே மேல்சட்டத்தில், அதே இடத்தில், யார் யாரோ பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். 'நம்மளப் போல மூணு பைத்தியம் இருந்திருக்கு' என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள்.

பால் பெயின்ட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாலில் வினிகர் விட்டுத் திரிய வைத்து, திரளை வடிகட்டிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்போடு குழைத்தால் பசை ஆகிவிடும். அதில் வண்ணப்பொடியைப் போட்டுத் தண்ணீர் விட்டு இளக்கினால் பெயின்ட். அரை மணியில் காயும், நெடி கிடையாது, காய்ந்தபின் பிள்ளை நக்கினாலும் பயமில்லை. ஒரே தொல்லை, கலக்கிய அன்றே பூசித் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் புளித்து நாற்றம் குடலைப் புரட்டும்.

தண்ணீர் விட வேண்டிய அந்த இடத்தில்தான் அவள் ஒரு காரியம் செய்தாள்.

சிட்டு குறைமாதத்தில் பிறந்தது. மார்பில் வாய் வைத்தால் நாலு மடக்கு உறிஞ்சும், களைத்து நிறுத்தும், மூச்சு வாங்கும், மறுபடி நாலு மடக்கு. அதற்குமேல் அதற்குத் தெம்பு இல்லை. மிச்சப் பாலைப் பீய்ச்சிச் சின்னப் பாட்டில்களில் அடைத்து, தேதி எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள். பாட்டில்கள் சேர்ந்தனவே தவிர, பிள்ளை தேறவில்லை. மூன்று மாதமாகியும் எடை நாலு கிலோவைத் தொடவில்லை. தேதி கடந்த பாட்டில்கள் ஆறு நின்றன. கழுவுதொட்டியில் கொட்டப் போனால் கை வரவில்லை. உடம்பில் ஊறினதை எப்படிச் சாக்கடையில் விடுவது? பெயின்ட் குழைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று தோன்றியது, பிள்ளையின் கட்டிலுக்குத்தானே, தண்ணீருக்குப் பதில் இதை விட்டால் என்ன என்று. "வீணாகாம உனக்கே சேரட்டும்டி செல்லம்" என்று ஆறு பாட்டிலையும் கவிழ்த்தாள்.

பூச்சு அவள் பூசிய எந்தப் பூச்சையும்விட நன்றாகப் பிடித்தது. தூரிகையை வைத்ததும் மரம் அதை உறிஞ்சிக்கொண்டது. உறிஞ்சும் சத்தம் கேட்டதுபோல்கூட இருந்தது. தாகம் பிடித்த பழைய மரம், அப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு பூச்சும் கொடுத்தாள். அன்று மாலையே சிட்டுவை அதில் படுக்க வைத்தாள். இரவெல்லாம் சிணுங்குகிற பிள்ளை அன்று வாய் திறக்கவில்லை.

காலையில்தான் இந்தத் தடம்.

அடைத்தாள், தேய்த்தாள். தொட்டுப் பூசப் புதிதாகப் பெயின்ட் கலக்கலாம் என்று பின்னறைக்குப் போனால், நேற்றைய கிண்ணத்தில் மிச்சம் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் திறந்தாள். புளிப்பு நாற்றம் இல்லை. இனிப்பாக ஒரு வாசம், குழந்தையின் கழுத்து மடிப்பில் வருகிற வாசம், அந்தச் சுண்ணாம்பும் தூசியும் அடைந்த அறையில் பரவியது. கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். வெயில் படாத மூலையில் கிடந்த கிண்ணம் வெதுவெதுப்பாக இருந்தது. ஆறு பாட்டில் விட்டோமே, அதனால் கெடவில்லை போலிருக்கிறது என்று அதையே தொட்டுப் பூசினாள்.

மறுநாள் காலையில் தடங்கள் ஆறு. இந்தத் தடவை ஆழமாக.

லாரி ஓட்டுகிற புருஷன் எங்கோ ஒரு நெடுஞ்சாலையிலிருந்து போன் பண்ணினான்.

"எலியா இருக்கும். பொறி ஒண்ணு வாங்கி வை."

"எலி கடிச்சா எலி கடிச்ச மாதிரி இருக்காதாங்க? இது வேற மாதிரி இருக்கு."

"தூக்கமில்லாம உனக்கு எல்லாமே வேற மாதிரிதான் தெரியும். அத விடு, சிட்டு பால் குடிக்கிறாளா?"

இரண்டு நாளாகச் சிட்டு இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறது. தொடைகள் சூம்பியிருந்தன. போன வாரம் நர்ஸம்மா எடைத்தட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "அடுத்த வாரமும் ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்மா, இது விளையாட்டில்ல" என்று சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் என்பது நாளைக்கு. இந்தப் பிள்ளை போய்விட்டால் தான் இருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கே வீடு இருட்டிவிட்டது, மின்சாரமும் போய்விட்டது. தடங்களை மறுபடி அடைத்து, மூன்றாம் நாளும் கெடாமல் வெதுவெதுத்த அதே பெயின்ட்டை மேல்சட்டத்தில் கனமாகப் பூசிவிட்டு, சிட்டுவைக் கட்டிலில் கிடத்தினாள். பழைய சாமான் கடைக்காரரிடம் கேட்டே விடுவது என்று பின்னறைக்குப் போனாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

"எலியா? என் கடையிலயா?" கடைக்காரர் சிரித்தார். "இங்க எலி வந்தா அதையும் தொடச்சு வித்துருவேன்மா."

"வெளையாடாதீங்கண்ணே. இந்தக் கட்டில் யார் வீட்டுது?"

"ஒரு டீச்சரம்மா வீட்டுது. அவங்களும் உன்ன மாதிரிதான், தானே பெயின்ட் காய்ச்சி அடிப்பாங்க. நல்ல ராசியான கட்டில்மா. நோஞ்சான் புள்ளயா இருந்துச்சாம், அதுல படுத்து ஒரே வாரத்துல கொழுகொழுன்னு ஆயிடுச்சாம். நானே பார்த்தேனே, புள்ள கல்லு கணக்கா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வித்தாங்க?"

ஓட்டின் மேல் மழை இரைந்தது.

"அதான் தெரியல. அந்தம்மா புள்ளய தூக்கவே மாட்டேங்குது. பக்கத்துலயே வரல. புருஷன்காரர்தான் புள்ளய வச்சிருந்தாரு, கட்டில வித்ததும் அவருதான். அந்தம்மா கட்டிலத் தடவித் தடவி ஒரே அழுகை. ஏத்திக்கிட்டு கெளம்புனா வண்டி பின்னாலயே ஓடி வந்துச்சு, பாவம். புள்ள பெத்த சில பேருக்கு புத்தி கொஞ்சம்..."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. படுக்கையறையிலிருந்து வந்தது. சப், சப் என்று, ஈரமாக, நிதானமாக. பட்டறைத் தூசியிலும் அந்த இனிப்பு வாசம் ஏறியிருந்தது. நடை முழுக்க அதே வாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கால் ஸ்டூலில் இடித்தது. வலி தெரியவில்லை.

அறைக்குள் அவள் நுழைந்ததும் சத்தம் நின்றது.

சிட்டு கட்டிலில் கிடந்தது. அசையாமல். ஐயோ, அசையாமல். இரு கையையும் விட்டு வாரித் தூக்கினாள்.

கை தாழ்ந்தது.

கனத்தது. பிள்ளை கனத்தது! தொடை கைக்குள் திரண்டு நின்றது. தோளில் போட்டதும் தோள் அழுந்தியது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "என் ராசாத்தி, எடை ஏறிட்டியா? ஏறிட்டியாடி தங்கம்?" கடைக்காரர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. நாளைக்கு நர்ஸம்மா எடைத்தட்டைப் பார்த்து என்ன சொல்வாள் என்பது மட்டும் நெஞ்சில் இனித்தது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில், பிள்ளையை மார்பில் போட்டாள்.

வாய் கவ்வியது. எவ்வளவு பலம்! உடம்பிலிருந்த பால் முழுதும் ஒரே இழுப்பில் இறங்கியது. அவள் பழக்கப்படி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஐந்து.

ஆறு. ஏழு. நிறுத்தவில்லை. மூச்சு வாங்கவில்லை.

பதினைந்து. இருபது.

முதுகில் வியர்த்தது.

அப்போது கடித்தது.

மேலே இரண்டு. கீழே இரண்டு.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. தலையைப் பிடித்துத் தள்ளினாள். வரவில்லை. இன்னும் ஆழமாக இறங்கியது. பாலோடு வேறு ஏதோ வழிந்து மடியை நனைத்தது. அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. மடியில் இருந்தது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. சிட்டுவின் கண்தான். ஆனால் சிட்டு அப்படிப் பார்த்ததே இல்லை.

எதிரே கட்டில். காலி. அழிகளுக்கு நடுவே கசங்கிய துணி மட்டும். மேல்சட்டத்தில் பெயின்ட் இன்னும் ஈரம் காயாமல் பளபளத்தது.

அந்த ஈரத்தில் ஒரு குழி விழுந்தது.

யாரும் இல்லை. எதுவும் தொடவில்லை. சட்டத்தின் உள்ளிருந்து விழுந்தது. சின்னப் பிறை போல, மழமழவென்று, பல்லே இல்லாமல். ஈறு அழுந்திய தடம்.

பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று.

நாலு.

நின்றது. மூச்சு வாங்குகிற அளவு நேரம்.

மறுபடி நாலு.

"சிட்டு" என்றாள். எழப் பார்த்தாள். மடியில் இருந்தது கல்லாகக் கனத்தது. அது குடித்துக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டினாள். கட்டில் எட்டவில்லை.

சட்டத்தில் ஒரு தடம். இரண்டு. மூன்று.

காத்திருந்தாள்.

மூன்றுதான்.