இடது பக்கத்து இரைச்சல்

அந்தச் சனிக்கிழமை காலை, வில்லாபுரத்தில் பேயாண்டியின் கார் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறைக்காரர் பேயாண்டி. காருக்குச் சொந்தக்காரர் பாலகணேஷ். அவருடைய அண்ணன் துளசிராம். பாலகணேஷின் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் ஹம்சவேணி. தன் ஆட்டோவுக்கு பிரேக் சரிபார்க்கக் காத்திருந்த சங்கிலி. வேறு யாரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

காரில் ஒரு வாரமாக ஒரு சத்தம். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. வேகம் எடுத்தால், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டுபோல 'ஊம்ம்ம்' என்று இரைந்தது.

மறுநாள் திண்டுக்கல்லில் பத்மாசினி அத்தைக்கு நிச்சயதார்த்தம். அத்தையை அந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவதாகத் துளசிராம் பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அத்தைக்கு முன்னால் பூத்தட்டு ஏந்திப் போக வேண்டியவள் ஹம்சவேணி. அதற்காகவே அவளுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்திருந்தார்கள்.

பேயாண்டி காருக்கு அடியில் போய்ப் படுத்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பெரியப்பா விறைப்பாக நின்றபடி, தம்பியிடம் சௌராஷ்டிரத்தில் சொன்னார். "இவர் காரைப் பார்க்கப் போனாரா, தூங்கப் போனாரா?"

சௌராஷ்டிரம் அவர்கள் வீட்டு மொழி. துணிக்கடையோ மாம்பழ வண்டியோ, விலை பேசும் இடத்தில் அந்தக் குடும்பம் சட்டென்று வீட்டு மொழிக்கு மாறிவிடும். தங்களுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டு மறுபடி தமிழுக்கு வரும். பல வருடப் பழக்கம்.

காருக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் இருமலாக மாறியது.

அது யார் காதிலும் விழவில்லை, ஹம்சவேணியைத் தவிர. அவள் பேயாண்டியின் கால்களையே பார்த்தாள். கட்டைவிரல்கூட ஆடிக்கொண்டிருந்தது.

பேயாண்டி வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தார்.

"பேரிங் போச்சு சார். முன் வீல் ரெண்டுக்கும் மாத்திருவோம். பேரிங் ஒண்ணு ஆயிரத்து அறுநூறு. கழட்டி, பிரஸ் மெஷின்ல வச்சு அழுத்தி மாட்டுற கூலி ஒரு பக்கத்துக்குத் தொள்ளாயிரம். ஆக மொத்தம் ஐயாயிரம். சாயங்காலம் வண்டி ரெடி."

"அம்புட்டா?" என்றார் சங்கிலி, யாரும் கேட்காமலே. "என் ஆட்டோவ வித்தாக்கூட அம்புட்டு வராதுண்ணே."

பாலகணேஷ் ஒதுங்கிப் போய், தெரிந்த உதிரிபாகக் கடைக்கு போன் செய்தார். பேரிங் விலை அதேதான். பேயாண்டி ஒரு ரூபாய்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"விலை சரிதான் அண்ணா" என்றார் வீட்டு மொழியில்.

"விலை சரியாக இருக்கலாம். ஆள் சரியில்லை" என்றார் பெரியப்பா, அதே மொழியில். "சத்தம் ஒன்று. பேரிங் எதற்கு இரண்டு? நாளைக்கு நமக்கு அவசரம் என்று தெரிந்துகொண்டு ஏமாற்றுகிறான்."

பேயாண்டியின் முகம் மாறியது. பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டு, எழுந்திரு என்று சொல்லப்பட்டவரின் முகம்போல ஆயிற்று. கையில் இருந்த ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தார்.

"வண்டிய எடுத்துட்டுப் போங்க சார். இன்னைக்கு என்னால முடியாது. வேற வேலை கெடக்கு."

"பார்த்தாயா?" என்றார் பெரியப்பா தம்பியிடம். "பிடிபட்டதும் நழுவுகிறான்."

ஹம்சவேணிக்குக் காது சூடாகிவிட்டது. இந்தக் கார் சரியாகாவிட்டால் நாளைக்கு அத்தை எதில் போவாள்? அது ஒரு கவலை. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னவருக்கே அது தெரியாது. அதுதான் பெரிய கவலை.

பேயாண்டி தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். அவளும் போனாள்.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "நாங்க பேசுறது உங்களுக்குப் புரியுதுல்ல?"

பேயாண்டி ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பொறந்தது உசிலம்பட்டி பாப்பா. வளந்தது பரமக்குடி. பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லாம் உங்க ஆளுகதான். சின்னப் பிள்ளையில உங்க பாஷையிலதான் கோலி விளையாடுவோம். சண்டையும் அதுலதான்."

"தூங்கப் போனாரான்னு பெரியப்பா கேட்டப்ப நீங்க சிரிச்சீங்க."

"கேட்ருச்சா உனக்கு?" என்றார். உதடு கொஞ்சம் இளகியது. உடனே மறுபடி இறுகியது. "அது சிரிக்கிற பேச்சு. பின்னாடி சொன்னது அப்படியில்ல."

"ஆமாண்ணே. அது தப்பு." அவள் தலையைக் குனியவில்லை. "நீங்க ஏமாத்துறதா நான் நினைக்கல. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. கேட்டா கோவிச்சுக்குவீங்களா?"

"கேளு."

"நான் எப்பவும் பின் சீட்டுல இடது பக்கம்தான் உக்காருவேன். போன வாரம் சமயநல்லூர் போயிட்டு வந்தோம். வலது பக்கம் வளையுறப்ப எல்லாம் சத்தம் ஜாஸ்தியாகுது. இடது பக்கம் வளைஞ்சா அப்படியே அடங்கிருது. போறப்பவும் அப்படித்தான், வாரப்பவும் அப்படித்தான். ஏண்ணே?"

பேயாண்டி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலது பக்கம் வளைஞ்சா பாரம் பூரா இடது வீல் மேல சாயும்."

"அப்ப கெட்டுப்போனது இடது பக்கம் மட்டும்தானா?"

"இருக்கலாம். தூக்கிச் சுத்திப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"பாக்கலாமாண்ணே? நாங்களும் தொட்டுப் பாக்கலாமா?"

பேயாண்டி போய் ஜாக்கியை எடுத்து வந்தார். பெரியப்பாவின் புருவம் உயர்ந்தது.

முதலில் வலது சக்கரத்தைத் தூக்கினார். உள்ளே இருந்த சுருள் ஸ்பிரிங்கில் ஹம்சவேணியின் கையை வைக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தைச் சுற்றினார். சக்கரம் சுழன்றது. ஸ்பிரிங் சும்மா இருந்தது.

"ஒண்ணும் தெரியலண்ணே."

"நல்ல பேரிங் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப பாதிக் காசுதானா?" என்று சங்கிலி எழுந்தே விட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்கு சவாரிக்கு அழைப்பு வந்தது. "பிரேக்க அப்புறம் பாத்துக்குவோம்ணே, வாரேன்" என்று ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கதையில் பாதியைத்தான் அவர் கேட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இடது சக்கரம். பேயாண்டி சுற்றியதும் ஸ்பிரிங் அவள் உள்ளங்கையில் கரகரவென்று அதிர்ந்தது, பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல.

"அப்பா, கை வைங்க. பெரியப்பா, நீங்களும்."

பாலகணேஷ் வைத்துப் பார்த்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரியப்பாவும் குந்தி உட்கார்ந்து கை வைத்தார். அவர் கையை எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

"ஒரு பக்கம் போதும் சார். ரெண்டாயிரத்து ஐந்நூறு" என்றார் பேயாண்டி.

"அப்ப ரெண்டு பக்கமும்னு ஏன் தம்பி சொன்னீங்க?" என்று கேட்டார் பெரியப்பா, தமிழில்.

"போன வருஷம் ஒருத்தருக்கு ஒரு பக்கம் மட்டும் மாத்திக் குடுத்தேன் சார். கொஞ்ச நாள்ல மறுபக்கம் சத்தம். வேணும்னே விட்டு வச்சு மறுபடி காசு பிடுங்குறேன்னு, இந்த வாசல்ல நின்னு ஏமாத்துக்காரன்னு கத்துனாரு. அதுல இருந்து யாரு வந்தாலும் ரெண்டுக்கும் சேத்தே சொல்லிர்றது. அந்தப் பேர மறுபடி வாங்க வேணாம்னுதான்." நெற்றியைத் தேய்த்தார். "ஆனா உங்க வண்டிய நான் சுத்திப் பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். பாப்பா கேட்டது நியாயம். இன்னொண்ணும் சொல்லிர்றேன். வலது பக்கமும் ஒருநாள் போகும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

"போறப்ப உங்ககிட்டயே வாரோம்ணே" என்றாள் ஹம்சவேணி. "நாங்க கத்த மாட்டோம்."

பெரியப்பா எழுந்து நின்றார். எதற்கும் வளையாத முதுகு அது. தம்பியின் பக்கம் திரும்பி, வீட்டு மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் அவசரப்பட்டுவிட்டேன். நல்ல மனிதர். என் வாய்தான் தப்பு."

ஹம்சவேணி பேயாண்டியைப் பார்த்தாள். அவர் குனிந்து சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு நிமிராமலே, பரமக்குடி வாடையோடு, தெளிவான சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னார்.

"பரவாயில்லை, பெரியவரே."

பாலகணேஷின் கையில் இருந்த போன் நழுவியது. நல்லவேளை, டயர் மேல் விழுந்தது.

பெரியப்பாவின் முகம் சிவந்தது. அன்று காலையிலிருந்து தான் பேசியதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார் என்று ஹம்சவேணிக்குத் தெரிந்தது. தூங்கப் போனாரா என்று கேட்டதில் தொடங்கி, கடைசி வார்த்தை வரைக்கும்.

அவர் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளவில்லை. சால்வையைச் சரிசெய்தார். நேராகப் பேயாண்டியின் முன்னால் போய் நின்றார். கை கூப்பினார்.

"உங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சு ஒரு வார்த்தை சொன்னேன். புரியும்னு தெரிஞ்ச பிறகு, நேரா நின்னு சொல்லணும். தப்பு என்னோடது தம்பி. மன்னிச்சிருங்க."

"ஐயா, கைய இறக்குங்க" என்று பேயாண்டி பதறி எழுந்தார். "கிரீஸ் கையா இருக்கு, நான் எப்படிக் கும்பிடுறது?"

"நீங்க கும்பிட வேணாம். நாளைக்கு ஒன்பது மணிக்குத் திண்டுக்கல்லுல நான் நிக்கணும். அதுக்கு வண்டியக் குடுங்க, போதும்."

"குடுத்துர்றேன். ஆனா ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"அடுத்த தடவையாவது காருக்கு அடியில படுக்குறப்ப ஒரு தலையணை குடுங்க."

பெரியப்பா சிரித்தார். அவர் சிரித்ததை ஹம்சவேணி எண்ணிச் சொல்லும்படிதான் பார்த்திருக்கிறாள். அன்று வாய்விட்டே சிரித்தார்.

மறுநாள் கார் சமயநல்லூரைத் தாண்டி, வலது பக்கம் வளைந்தபோதும் சத்தமில்லாமல் போயிற்று. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர்கள் மண்டபத்து வாசலில் இறங்கினார்கள். பச்சைப் பட்டுப்பாவாடையில் ஹம்சவேணி பூத்தட்டு ஏந்தி முன்னால் நடந்தாள். ஒரு பூகூடக் கீழே சிந்தவில்லை.

வில்லாபுரத்தில் இப்போது ஒரு கதை சுற்றுகிறது. ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாளாம். அவர் கெஞ்சிக் கூத்தாடிப் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தாராம்.

அது பொய். பேயாண்டி யாரையும் ஏமாற்றவில்லை. ஹம்சவேணி யாரையும் பிடிக்கவில்லை. அவள் கேட்டாள், அவர் காட்டினார். அன்று அந்தப் பட்டறையில் கெட்டுப்போயிருந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது இடது பக்கத்து பேரிங்.