சர்வசமம்

“சின்னவளே, என் கண்ணாடியை எடுத்துட்டு வாம்மா” என்று அவர் கூப்பிட்டதும் பெரியவள் வந்து நின்றாள்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. இரட்டையர் இருக்கும் வீட்டில் தினமும் நடப்பதுதான். ஏழு நிமிடம் பிந்திப் பிறந்தவளுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு. பள்ளியில் கணக்கு வாத்தியார் என்று பேர்தானே தவிர, அவரே அதைப் பார்த்துத்தான் தன் பிள்ளைகளை எண்ணுவார்.

“உன்னை இல்லடி, தங்கச்சியை.”

“அவளைக் கூப்பிட்டா நான்தானே வரணும்?”

“என்னங்க, அதான் வந்து நிக்கிறாளே, இன்னும் யாரை ஏலம் போடுறீங்க?” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

சனிக்கிழமை மதியம். வெளியே ஓயாத தூறல், காயாத துணிகளின் புளித்த வாடை, மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொள்வது போன்ற டொக், டொக். அவர் முன்னால் கணினியில், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கணிதக் கலைக்களஞ்சியம் திறந்திருந்தது. அதில் அவர் ஒரு நிர்வாகி. ஒரே விஷயம் இரண்டு பெயரில் இரண்டு பக்கமாக இருந்தால் ஒன்றைக் காலி செய்து மற்றதற்கு வழிமாற்றிவிடுவார். பழைய பெயரைத் தேடி வருபவர் தானாக இங்கே வந்து விழுவார். ‘இன்ன பெயரிலிருந்து வழிமாற்றப்பட்டது’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். சக நிர்வாகிகள் அவருக்கு வைத்த பெயர் ‘கத்தரி’. வீட்டில் தொலைக்காட்சிச் சானலை மாற்றக்கூட அதிகாரம் இல்லாத மனிதருக்கு அந்தப் பெயர் இனித்தது.

இன்று காலை மட்டும் நாற்பது பரிந்துரைகள். தலைப்பைப் படிப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்பது அவர் பீற்றல். உள்ளடக்கம் இரண்டும் ஒன்றா? ஒரு சொடுக்கு. அடுத்தது.

கண்ணாடியைத் தானே எடுக்க எழுந்தார். நடையில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள். சின்னவளுடைய இரண்டாவதைத் திறந்தார். பெரியவளின் அறை. நீலப் போர்வை, சுவரில் உலக வரைபடம். கதவு மாறிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்து ஒன்று, இரண்டு என எண்ணினார். இரண்டு வரை எண்ணுவதற்கு விரல் வைத்த முதல் கணக்கு வாத்தியார் அவராகத்தான் இருப்பார். மறுபடி திறந்தார்.

நீலப் போர்வை. வரைபடம். அதன் மேலே, எறும்புச் சாரி போல, பொடி எழுத்தில் ஒரு வரி.

‘சின்னவளிலிருந்து வழிமாற்றப்பட்டது.’

கணினிக்கு ஓடினார். காலைப் பட்டியலில் முப்பத்தோராவது.

‘சின்னவள். பெரியவளுடன் சர்வசமம். தனிப்பக்கம் தேவையில்லை.’

கீழே: ‘ஏற்கப்பட்டது. கத்தரி.’

பரிந்துரைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. மீட்கும் பொத்தானை அழுத்தினார். ‘மீட்க எதுவும் இல்லை.’ தழும்பு என்று தேடினார். இல்லை.

“அப்பா.” வாசற்படியில் பெரியவள். “அவ சுவத்தைச் சுரண்டுறா. வழி தெரியலையாம்.”

அவருக்கும் கேட்டது. நகத்தால். மெதுவாக.

வழிமாற்றின் திசையைத் திருப்பிவிட்டால்? பெரியவள் பக்கத்தைச் சின்னவளுக்கு மாற்றிவிட்டால் சின்னவள் வந்துவிடுவாள். பிறகு இருவரையும் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றையொன்று காட்டும் இரண்டு வழிமாற்றுகள் போடாதே, நடுவில் பக்கமே இருக்காது என்று ஒன்பது வருடமாகப் புதியவர்களைக் கடிந்துகொண்டவர் அவர்தான். அது மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

சொடுக்கினார்.

சுரண்டல் நின்றது.

திரும்பினார். வாசற்படியில் யாரும் இல்லை.

“அப்பா” என்று முதல் அறையிலிருந்து ஒரு குரல். ஓடித் திறந்தார். நீலப் போர்வை இல்லை. வரைபடம் இல்லை. கட்டில் இல்லை. வெள்ளைச் சுவர்கள்.

“இங்கப்பா.” இரண்டாவது அறை. திறந்தார்.

வெள்ளை.

“இங்க இல்லப்பா. அங்க.” முதல் அறை.

“என்னங்க, பிள்ளைங்களைச் சாப்பிட வரச் சொல்லுங்க.” இரண்டு தட்டு வைக்கும் சத்தம்.

அவர் நடையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. முதல் கதவின் கைப்பிடி உள்ளிருந்து மெல்லத் திரும்பியது. நின்றது. பிறகு இரண்டாவது. பிறகு முதல்.