நாற்பது நிமிடத் தூரம்

தூத்துக்குடியில் இட்லியைத் தின்றவர்கள் வான்கூவரில் இறங்கி ஏப்பம் விடுவது அந்தக் காலத்தில் யாருக்கும் வியப்பாக இல்லை. வளிமண்டலத்துக்கு மேலே எகிறி, பூமியின் மறுபக்கத்தில் போய் விழும் வண்டிக்கு விண்தாவி என்று பெயர். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் தாண்டிவிடும். திருநெல்வேலிக்குப் போகும் பேருந்துதான் இன்னும் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

விண்தாவி வந்ததில் ஜெபநேசன் ஒருவனுக்குத்தான் பெரிய நஷ்டம். வான்கூவரில் குடியேறிய நாளிலிருந்து, கிறிஸ்துமஸ் தவறாமல் திரையில் தோன்றி அப்பாவிடம் கண்கலங்குவான்.

"ரெண்டு பிளைட் மாறி வரணும்ப்பா. பக்கத்துல இருந்தா தினம் வந்து பாத்துருவேன்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற தாவீது அதை அப்படியே நம்பினார். மனைவி இறந்தபின் தனியாக இருந்தவருக்கு நம்புவதற்கு வேறு என்ன இருந்தது?

விண்தாவி ஓடத் தொடங்கிய முதல் சனிக்கிழமையே தூக்குச்சட்டியோடு மகன் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம?"

"நாப்பது நிமிசந்தானலே, இதுக்கென்ன சொல்லிட்டு வாரது? சாள மீன் கொழம்பு. சூடு ஆறல பாரு."

மருமகள் பியூலா தலைவலி என்று உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெபநேசனுக்குத் திடீரென்று ஒரு மீட்டிங் முளைத்தது. தாவீது சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த முறை நொண்டிக்கொண்டு வந்தார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்லே. கூப்பிட ஆளில்ல, ரொம்ப நேரம் கெடந்தேன். கொஞ்ச நாளு இங்கனயே இருக்கட்டுமா?"

"பாப்போம்ப்பா" என்றான் மகன்.

மறுநாளே பார்த்தான். செவ்வாய்ச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போய்ச்சேர ஏழு மாதம். மூச்சுக்காற்றைக்கூட அளந்துதான் தருவார்கள். கணவனும் மனைவியும் முகம் மலர விண்ணப்பித்தார்கள். அப்பாவிடம் மட்டும் கம்பெனி உத்தரவு என்று சொன்னான்.

வழியனுப்ப வந்த தாவீது மகனின் கையை விடவில்லை. "அங்கெல்லாம் என்னால வர முடியாதேலே."

"நீங்க ஏம்ப்பா அலையணும்?" என்றான் ஜெபநேசன், மிகுந்த பாசத்தோடு.

செவ்வாய்க் குடியேற்றத்தில் அவனைப் போன்றவர்களே நிறைந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குச் செய்தி பதிவு செய்யும் அறைக்கு வெளியே வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒவ்வொருவராக உள்ளே போய், அவரவர் மொழியில் தூரத்தை நினைத்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்தபடி சாப்பிடப் போவார்கள்.

இந்தக் கண்ணீரைப் பார்த்து நிர்வாகம் உருகிவிட்டது. நான்கே நாளில் பூமியிலிருந்து வந்து சேரும் புதிய கலத்தை அறிவித்தது. பெற்றோருக்குப் பயணம் இலவசம்.

குடியேற்றம் கொந்தளித்தது. சுரங்க வேலை நின்றது. விண்கதிர்வீச்சு முதியவர்களின் உடம்புக்கு ஆகாது என்று முழங்கி எதிர்ப்புக் குழு ஒன்று உருவானது. தலைவன் ஜெபநேசன். அப்பாவுக்கும் செய்தி அனுப்பினான்: "உங்க நல்லதுக்குத்தாம்ப்பா போராடுறேன்."

தாவீது அதை ஆலயத்துக்கு எடுத்துப்போய், ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

"வயசான நமக்காக எம்மவன் அங்க போயும் போராடுதான், பாத்தீயளா?" என்றார்.

கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அதே குழுவில் இருந்தார்கள்.